சாகாக் கோழிக் கழகம்

சைகோன் பட்டணத்தில் எல்லோரும் அவரவர் வசதிக்கு ஏற்றபடி செத்துக்கொண்டிருந்த காலம் அது. கூலிகள் காலராவில் செத்தார்கள், சோல்தாச் சிப்பாய்கள் மலைக்காய்ச்சலில் செத்தார்கள், பெரிய அதிகாரிகள் ஈரல் கெட்டுச் செத்தார்கள். சாகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது ஒரு கோழியின் நெஞ்சுத் துண்டு மட்டும்தான். அதற்காக ஒரு கழகம், கழகத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம், கட்டடத்துக்கு முன்னால் ஒரு கொடிக்கம்பம், கொடிக்கம்பத்துக்கு ஒரு காவல்காரன். அந்தக் காவல்காரனும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் செத்துப்போனான்.

நான் காரைக்கால் கப்ரியேல். அந்தக் கழகத்தில் பதினோரு வருஷம் நகல் எழுதியவன். யார் எது பேசினாலும் மூன்று பிரதி எடுப்பது என் வேலை. ஆகவே துரைமார் பேசியதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் அவர்கள் பேசியதுதான். பிரெஞ்சு அவர்களுடையது, தமிழ் என்னுடையது. சொந்தச் சரக்கு எதையும் நான் சேர்க்கவில்லை. சேர்க்கும்படியான குறை எதையும் அவர்கள் வைத்ததில்லை.

விஷயம் இதுதான். பிரான்சு தேசத்தில் ப்ரெஸ் என்று ஓர் ஊர், அங்கே உசத்தியான கோழி உண்டு. அந்தக் கோழியின் முட்டைக்குள் இருந்த குஞ்சின் துடிக்கும் நெஞ்சில் கடுகளவு வெட்டியெடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, கோழிக்கரு பிழிந்த சாற்றை ஊட்டி, மர்செய் துறையிலிருந்து கப்பலேற்றி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் சைகோனுக்குக் கொண்டுவந்தார் கழகத்தின் பெரிய டாக்டர், தொக்தர் கஸ்தனே. அந்தத் துண்டில் உள்ள உயிரணு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும், இரண்டு நாலாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் துண்டைக் கழுவி, பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்துக்குச் சாறு ஊட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் ஏழு வருஷத்தில் சைகோன் முழுவதையும் மூடிவிடும் என்று கணக்குப் போட்டு, அதைப் படமாக வரைந்து வாசலில் மாட்டியிருந்தார் தொக்தர். வருகிறவர்கள் முதலில் தங்கள் வீடு எத்தனையாவது வருஷத்தில் மூடப்படும் என்று தேடிப் பார்ப்பார்கள்.

கழகத்தின் திறப்பு விழாவில் அவர் பேசியது என்னிடம் இன்னும் இருக்கிறது. "பெரியோர்களே, இந்த நாட்டு உயிரணுக்களை நான் ஆராய்ந்தேன். பிரிகின்றன, களைக்கின்றன, செத்துப்போகின்றன. அவற்றுக்கு லட்சியம் இல்லை. இந்தப் பிரெஞ்சு உயிரணுவோ சாவதற்கு மறுக்கிறது. காரணம் ஒழுங்கு. இந்தக் குடியேற்ற நாட்டில் நாம் எத்தனை காலம் இருப்போம் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் வந்து இந்தக் கிண்ணத்தைப் பார்க்கட்டும்." எல்லோரும் போய்க் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஒரு கவுன்சிலர் தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகிறவர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று சட்டம் ஆனது.

அந்தத் துண்டுக்குச் சோறூட்டி வளர்த்தவன் ராமாமிர்தம். என் ஊர்க்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னை அண்ணே என்பான். அவனுடைய உத்தியோகப் பெயர் மூன்றாம் வகுப்பு உயிரணு உபசாரகர். கழகம் அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவன் கை நடுங்காது என்பதுதான். அவன் சைவ வேளாளன், முட்டையைத் தொடவே கூசுகிறவன் என்பதை யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாள் அடைகாத்த முட்டையை உடைத்து, உள்ளே கண் மட்டும் பெரிசாக இருக்கும் கருவை எடுத்து நசுக்கிச் சாறு பிழிய வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் "சிவ சிவா" என்பான். நூறு முட்டை ஆனால், செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பான். பாவத்துக்கு ஈடு என்பது அவன் கணக்கு. கோயில் குருக்கள் இவன் ஏதோ பெரிய வேண்டுதலில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அந்தத் துண்டின்மேல் அவனுக்குப் பாசம் வந்துவிட்டது. முதலில் "அது" என்றான். ஒரு வருஷத்தில் "அவுங்க" ஆகிவிட்டது. இருபத்தெட்டாம் வருஷம் கவர்னர் துரை அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார். துண்டில் குத்த முடியாததால், கிண்ணத்தைச் சூட்டில் வைத்திருந்த மின்சார அடைப்பெட்டியின் கதவில் குத்தினார்கள். பதக்கத்தோடு துண்டுக்கு முதல் வகுப்பு அந்தஸ்தும் வந்தது. அதற்குப் பிறகு காலையில் ராமாமிர்தம் அறைக்குள் நுழைந்ததும் பெட்டிக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பான்.

இருபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பெருமழையில் மின்சாரம் நின்று அடைப்பெட்டி குளிர்ந்துவிட்டது. வியாழக்கிழமை ராமாமிர்தம் முகம் தொங்கிப்போய் என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, அவுங்க போயிட்டாங்க."

"யாரு?"

"நெஞ்சு. ஓரமெல்லாம் கறுத்துப்போச்சு. துடிப்பு இல்ல. ரெண்டு நாளா ஒரு மயிரிழை கூட வளரல. நான்தான் கொன்னுட்டேன், சூடா துணியாவது சுத்தி வச்சிருக்கலாம்."

செத்ததைக் கொல்லைப்புறத்துப் புளிய மரத்தடியில் புதைக்கலாமா என்று கேட்டான். முதலில் மேலே சொல்லிவிடு என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

செயலாளர் மதாம் ஒடெட் ரொம்பக் கண்டிப்பானவர். முட்டை வைத்திருக்கும் அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் ராமாமிர்தம் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இறந்ததாகச் சொல்லப்படுபவர் எந்த வகுப்பு?" என்றார்.

"முதல் வகுப்பு, மதாம்."

"நீ?"

"மூன்றாம் வகுப்பு."

"மேல் வகுப்பில் இருப்பவரின் மரணத்தைக் கீழ் வகுப்பில் இருப்பவர் அறிவிக்க முடியாது. அது மரியாதை இல்லை. சம வகுப்பில் உள்ள ஒருவர் அறிவிக்க வேண்டும்."

சம வகுப்பில் இருந்தவர் தொக்தர் கஸ்தனே ஒருவர்தான். அவர் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. ராமாமிர்தத்தைத்தான் பார்த்தார். "உன் கண் ஒன்று சொல்கிறது, என் உயிரணு வேறொன்று சொல்கிறது. இந்த இரண்டில் பதக்கம் வாங்கியது எது?" என்றார். பிறகு, ஜூலை பதினாலு தேசத் திருநாளுக்குக் கவர்னர் பார்க்க வருவதால் துண்டு நன்றாகத் துடிக்கும்படி பார்த்துக்கொள் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ராமாமிர்தம் துண்டைப் புளிய மரத்தடியில் புதைத்தான். மறுநாள் அந்த இடத்தில் பாலும் ஊற்றினான். தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு ஆபீசுக்கு வந்ததற்காக மதாம் ஒடெட் அவன்மேல் குறிப்பு எழுதினார், அதற்கும் மூன்று பிரதி நான் எடுத்தேன். துடிக்கிற துண்டு ஒன்று வேண்டும். அலமாரியில் இருந்த கோழிமுட்டை ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து உண்டு, ஒன்று கூடுதலாக எடுக்க வழியில்லை. அவன் நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் போய், பா நாம் என்ற வாத்துமுட்டைக்காரியிடம் ஒரு முட்டை வாங்கினான். இந்த ஊரில் அடைகாத்த வாத்துமுட்டையைக் குஞ்சோடு வேகவைத்து உப்பும் மிளகும் தொட்டுத் தின்பார்கள். நானும் தின்றிருக்கிறேன். அது ராமாமிர்தத்துக்குத் தெரிந்தால் என் பக்கத்தில் உட்காரமாட்டான்.

வாத்தின் நெஞ்சு கிண்ணத்தில் ஏறியது. அருமையாகத் துடித்தது. கோழியைவிட வேகமாக வளர்ந்தது. வேகத்தைப் பார்த்த தொக்தர், வெப்ப நாட்டிலும் பிரெஞ்சு இரத்தம் தளர்வதில்லை என்று நாற்பது பக்கம் எழுதினார். பாரிசிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "ஆஹா, பார்த்த மாத்திரத்தில் ப்ரெஸ் என்று தெரிகிறதே," என்றார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாத்து சாகும். ராமாமிர்தம் வேறு வாத்து வைப்பான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவனும் அவன் மனைவியும் நானும் தவிர யாருக்கும் தெரியாது. பா நாமுக்கு மட்டும், இந்தச் சைவக்காரன் இத்தனை முட்டையை என்னதான் செய்கிறான் என்று சந்தேகம்.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. முப்பத்தொன்றாம் வருஷம் மே மாதக் கடைசியில் ராமாமிர்தத்தின் மனைவி தாயம்மாளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. பாக்கு அளவு, வலியே இல்லை. வலி இல்லை என்பதுதான் பயம் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்த தொக்தர் லாம் சொன்னார். இந்த நாட்டுக்காரரான அன்னாமிய வாலிபர், ஹனோயில் படித்தவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மொழிபெயர்க்க நானும் கூடப் போயிருந்தேன். தாயம்மாளுக்குப் பிரெஞ்சு பாதி புரியும், பேச வராது.

"நல்ல உயிரணுவுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும். காலம் வந்தால் சாகவும் தெரியும். இதற்கு இரண்டும் மறந்துபோயிற்று," என்றார் தொக்தர் லாம். "இப்போது வெட்டினால் எடுத்துவிடலாம். ஆவணி பிறந்தபிறகு வந்தால் என்னிடம் வராதீர்கள், கோயிலுக்குப் போங்கள்." ஆவணி என்று போட்டது நான். அவர் ஆகஸ்டு பாதி என்றார்.

தாயம்மாள் கேட்டாள்: "சாக மறந்த உயிரணுன்னா, இவுக ஆபீஸ்ல பதக்கம் குத்தி வச்சிருக்காங்களே, அதுவா?"

நான் அதை மொழிபெயர்த்தேன். தொக்தர் லாம் முதன்முறையாகச் சிரித்தார். "ஆமாம். அவர்கள் அதைக் கும்பிடுகிறார்கள், நான் அதை வெட்டுகிறேன்," என்றார். ஜூன் பதினெட்டுக்கு நாள் குறித்தார்.

ராமாமிர்தம் அந்த நாளுக்கு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தான், காரணத்தையும் எழுதினான். அதுதான் இரண்டாவது தப்பு. காகிதம் மேஜை மேஜையாகப் போய்த் தொக்தர் கஸ்தனேயிடம் நின்றது. அவர் ராமாமிர்தத்தைக் கூப்பிட்டுக் கட்டித் தழுவினார். கழகம் தொடங்கி அவர் யாரையும் தழுவியதில்லை.

"புற்று என்றால் என்ன?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "உயிரணுக்களின் கலகம். அடங்காத உயிரணு, மேலதிகாரியைக் கேட்காமல் பெருகுகிறது. நம் சாகாத உயிரணுவும் பெருகுகிறது, ஆனால் ஒழுங்காக, அரசாங்கத்தின் அனுமதியோடு. நாம் வெட்டி எறியும் பாதியிலிருந்து நான் ஒரு சீரம் எடுத்திருக்கிறேன். கஸ்தனீன். ஒழுங்கை ஊசிமூலம் ஏற்றினால் கலகம் அடங்கும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு நோயாளி. ஊழியர் குடும்பத்தார் விஞ்ஞானத்துக்குக் கடமைப்பட்டவர்கள் என்று விதியே இருக்கிறது. ஜூலை பதினாலு விழாவில், கவர்னர் முன்னிலையில், முதல் ஊசி. அதன்பிறகு மூன்று மாதம் அவளை நான் கவனிப்பேன். யாரும் கத்தி வைக்கக் கூடாது."

அன்று காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது: மேற்படி நோயாளி கழகத்துக்கு ஒதுக்கப்பட்டவர், மறு உத்தரவு வரும்வரை அறுவை கூடாது. அதை எழுதியவன் நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பட்டணமே சொல்லும். தாயம்மாள் என்ற பெயரை எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, எழுத்து அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று பிரதியும் முடித்துவிட்டேன். என் சுறுசுறுப்பைத் தொக்தர் பாராட்டினார்.

சாயங்காலம் ராமாமிர்தம் வீட்டுக்குப் போனேன். தாயம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணே. உங்க எழுத்து ரொம்ப அழகா இருந்துச்சாம், ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம்," என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

"வாத்து நெஞ்சை எனக்கு ஊசி போடப் போறாங்களாமே," என்று அவள் புருஷனைப் பார்த்தாள். "என்னங்க, வாய்ல கொழுக்கட்டையா? போய்ச் சொல்ல வேண்டியதுதானே, அது கோழியும் இல்ல ஒண்ணும் இல்லன்னு."

"வேலை போயிடும், தாயி."

"போகட்டும். நான் போறதுக்கு வேலை போறது தேவல."

மறுநாள் ராமாமிர்தம் தொக்தர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். மழை, மின்சாரம், புளிய மரம், பா நாம், வாத்து, ஒன்றையும் விடவில்லை. ஜெயிலுக்குப் போகத் தயாராக மாற்றுவேட்டிகூடக் கொண்டுவந்திருந்தான். தொக்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார். தலைவர் அவரே, உறுப்பினர் மதாம் ஒடெட், எழுதுகிறவன் நான்.

கமிஷன் மூன்று நாள் உட்கார்ந்தது. முதல் நாள், குற்றம் சாட்டப்பட்டவர் வாத்து என்று சொல்லும்போது ஆண் வாத்தா பெண் வாத்தா என்று குறிப்பிடாததைக் கமிஷன் கண்டித்தது. இரண்டாம் நாள் விஞ்ஞான ஆராய்ச்சி. கிண்ணத்தில் இருப்பது வாத்தா கோழியா என்று தெரிய வேண்டுமானால், அசல் கோழித் துண்டோடு ஒப்பிட வேண்டும். அசல் எங்கே?

"புளிய மரத்தடியில, மெஸ்யே," என்றான் ராமாமிர்தம்.

"அசல் கிண்ணத்தில் இருக்கிறது," என்றார் தொக்தர். கிண்ணத்தில் இருப்பதைக் கிண்ணத்தில் இருப்பதோடு ஒப்பிட்டார்கள். அச்சு அசலாக ஒத்துப்போனது.

மூன்றாம் நாள் தீர்ப்பு. தொக்தர் எழுந்து நின்று படித்தார். "இந்த ஊழியர் சொல்வது உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு வருஷமாகப் பேராசிரியர்களும் கவர்னரும் நானும் ஒரு சந்தை வாத்தைப் பார்த்து வியந்திருக்கிறோம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஆகவே இது உண்மை அல்ல. மேலும், இவர் சொல்வதுபோல் இவரே பல வாத்துகளை இங்கே வாழவைத்திருந்தால், இந்தக் கழகத்தை நடத்துவது இவர் என்று ஆகிவிடும். மூன்றாம் வகுப்புக்கு அந்த அதிகாரம் கிடையாது." மனைவியின் நோயால் மனம் பேதலித்திருப்பதாகக் கருதி, அவனை மன்னித்து விட்டார்கள். தலை துவட்டாமல் வந்ததற்கான பழைய குறிப்பை மட்டும் ரத்து செய்யவில்லை.

ஜூன் பதினெட்டு கடந்துபோனது. கட்டி பாக்கிலிருந்து எலுமிச்சங்காய் ஆனது. தொக்தர் லாம் இரண்டு முறை கழகத்துக்கு எழுதினார். இரண்டுக்கும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று நான் பதில் எழுதினேன். ராமாமிர்தம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். உயிரணு அறையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பான். வணக்கம் வைப்பதில்லை. ஒருநாள் அவன் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்தேன். நான் என் மேஜைக்குத் திரும்பி அன்றைய பிரதிகளை எடுத்தேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி, வழக்கம்போல் பா நாமிடம் போனான். கிண்ணத்து வாத்து மறுபடியும் செத்திருந்தது. அவள் கூடையில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள்.

"இது வேண்டாம். நாள் தாண்டிவிட்டது, உள்ளே தட்டுகிறது. இன்னும் இரண்டு நாளில் வெளியே வந்துவிடும். தின்ன உதவாது."

ராமாமிர்தம் அதைக் கையில் வாங்கிக் காதில் வைத்தான். பிறகு என்னிடம் வந்து சொன்னான்: "அண்ணே, அஞ்சு வருஷமா எத்தன முட்டை ஒடச்சிருப்பேன். ஒண்ண ஒடைக்காம வச்சுப் பார்க்கலாமுன்னு தோணிச்சு." முட்டையை அடைப்பெட்டியின் உள்தட்டில், ஈரத் துணிமேல் வைத்துக் கதவைச் சாத்தினான். அந்தக் கதவை விழாவில் கவர்னர்தான் திறக்க வேண்டும் என்பதால், அன்று மாலையே மதாம் ஒடெட் வந்து அதன்மேல் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். உள்ளே பார்க்கவில்லை. பார்ப்பது அவர் வகுப்புக்குரிய வேலை இல்லை.

ஜூலை பதினாலு. பாண்டு வாத்தியம், மூவர்ணத் துணி, ஷாம்பெய்ன். மேடையில் ஒரு நாற்காலியில் தாயம்மாளை உட்காரவைத்திருந்தார்கள். கையில் ஒரு சின்ன மூவர்ணக் கொடியைக் கொடுத்திருந்தார்கள். அதை அவள் விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில், வெள்ளித் தட்டில் காலி ஊசி. கிண்ணத்துத் துண்டிலிருந்து அங்கேயே புதுச் சீரம் எடுத்து ஏற்றுவதாக ஏற்பாடு.

தொக்தர் ஒரு மணி நேரம் பேசினார். "இதோ இந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது வெறும் கோழி அல்ல. அது நாம். நாம் பிரிகிறோம், பெருகுகிறோம், ஆனால் போகமாட்டோம்." கவர்னர் துரை தொப்பியைக் கழற்றி, அரக்கை உடைத்து, பதக்கம் குத்திய கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு வாத்துக்குஞ்சு கவர்னரைப் பார்த்தது. மஞ்சளும் கறுப்புமாக, முதுகில் ஓடு ஒட்டியபடி இருந்தது. கிண்ணத்தை அது கவிழ்த்திருந்தது. இரண்டு அடி எடுத்து வைத்து, தட்டின் விளிம்பில் நின்று, கீச்சென்று கத்தியது. பாண்டுக்காரர்கள் கதவு திறந்ததும் தேசிய கீதம் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். குஞ்சு கீதம் முடியும்வரை கத்தியது.

ராமாமிர்தம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். இனி யாரும் மறுக்க முடியாது, வாத்து வாத்துதானே என்று அவன் நினைத்திருந்தான் பாவம். தொக்தர் கஸ்தனே முகம் வெளுத்தது. எண்ணி மூன்று நொடிதான்.

"மேன்மை தங்கியவரே," என்றார். "பூர்த்தியாகிவிட்டது! ஐந்து வருஷமாக இந்த உயிரணு பிரிந்துகொண்டே இருந்தது எதற்காக? முழுமைக்காக. துண்டு தன்னைத் தானே முழுப் பறவையாகக் கட்டிக்கொண்டது. உலகத்தில் எங்கும் நடக்காதது இது."

"வாத்துபோல் இருக்கிறதே," என்றார் கவர்னர் மெதுவாக.

"கோழிதான். இந்த நாட்டின் ஈரத்துக்குத் தகுந்தபடி காலை மாற்றிக்கொண்டிருக்கிறது. நம் நிர்வாகமும் அப்படித்தானே?"

கவர்னர் யோசித்துவிட்டுக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கதவிலிருந்த பதக்கத்தைக் கழற்றிக் குஞ்சின் கழுத்தில் நூலால் கட்டினார்கள். கனம் தாங்காமல் அது முன்பக்கமாக விழுந்தது. பணிவு என்றார் ஒரு கவுன்சிலர்.

அந்தக் கூச்சலில் மதாம் ஒடெட் ஒருவர்தான் கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உயிரணு பறவையாகிவிட்டால் சீரத்துக்குச் சரக்கு ஏது?" என்று தனக்குத்தானே கேட்டார்.

எனக்குக் கை பரபரத்தது. "சரக்கு இல்லையென்றால் சீரம் இல்லை, மதாம். சீரத்துக்காகத்தானே அந்த அம்மாளை ஒதுக்கினோம்?"

"சீரம் இல்லாதபோது ஒதுக்கீடு நிற்காது," என்றார் அவர். விதி என்றால் மதாம் ஒடெட் யாருக்காகவும் வளையமாட்டார், அன்றைக்கு அது எங்களுக்கு உதவியது. விழா நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில், மேற்படி நோயாளி விடுவிக்கப்படுகிறார் என்று நான் கிறுக்கினேன். என் ஆயுசில் அவ்வளவு கேவலமாக எழுதியதில்லை. மதாம் முத்திரை குத்தினார். பாரிசுக்கு அனுப்ப வேண்டிய தந்தியோடு சேர்த்து அதையும் தொக்தர் முன்னால் நீட்டினேன். ஒரு கையில் ஷாம்பெய்ன் வைத்துக்கொண்டு மறு கையால் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

தாயம்மாள் கொடியை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். "போவமா அண்ணே? வாத்துக்குப் பேர் வைக்கிற வரைக்கும் இருக்கணுமா?" என்றாள்.

மறுநாள் காலை தொக்தர் லாம் வெட்டினார். ஒன்றேகால் மணி நேரம். வெளியே ராமாமிர்தம் என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு விரல் மரத்துப்போயிற்று. எடுத்த கட்டியைக் குப்பியில் கொண்டுவந்து காட்டி, "வேர் ஓடவில்லை. நல்ல வேளை," என்றார். ராமாமிர்தம் அவர் காலில் விழுந்தான். அவர் கூச்சப்பட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் அவன் தண்டாயுதபாணி கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தான். குருக்கள் வேண்டுதல் பலித்ததா என்று கேட்டார். பலித்தது என்றான்.

கழகம் சும்மா இருக்குமா? மூன்று மாதம் கழித்துத் தாயம்மாள் சௌக்கியமாக மார்க்கெட்டில் நடமாடுவதை மதாம் ஒடெட் பார்த்துவிட்டார். உடனே தொக்தரின் அறிக்கை வந்தது, எண்பது பக்கம். நோயாளி கழகத்துக்கு முப்பத்துமூன்று நாள் ஒதுக்கப்பட்டிருந்தார், ஊசி போடப்படவில்லை, ஆயினும் குணமடைந்தார். ஆகவே குணமாக்கியது ஒதுக்கீடு. நூற்றுக்கு நூறு வெற்றி. நடுவில் ஓர் அறுவை நடந்தது என்பது அடிக்குறிப்பில்கூட இல்லை. ராமாமிர்தத்தை இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தி, சாகாத பறவைக்கு உபசாரகர் ஆக்கினார்கள். சாகாத அந்தப் பறவை இப்போது மூன்றாவது வாத்து.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஆஸ்பத்திரியில் தொக்தர் லாம் நாள் குறித்து வைத்திருந்த ஆறு பெண்களின் பெயர்கள். ஆறு பேரையும் உடனே கழகத்துக்கு ஒதுக்க வேண்டும், அறுவை கூடாது என்று ஆஸ்பத்திரிக்கு எழுதும்படி உத்தரவு. ஆளுக்கொரு கடிதம், கடிதத்துக்கு மூன்று பிரதி. பட்டியலை என் மேஜையில் வைத்துவிட்டு, "வழக்கம்போல் உன் முத்தான கையெழுத்தில்," என்றார் தொக்தர்.

நான் புதுப் பேனாமுனை வாங்கினேன். மையை வடிகட்டினேன். காகிதத்தில் கோடு போட்டேன், அது சரியில்லை என்று வேறு காகிதத்தில் போட்டேன். முதல் பெயரின் முதல் எழுத்துக்குப் பூவேலை செய்ய ஒரு வாரம் ஆயிற்று. மாலையில் தாயம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாருக்கு வெட்டியாயிற்று என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆறாவது பெண் வீடு திரும்பிய மறுநாள், மதாம் ஒடெட் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நாலு மாதமாக ஒரு கடிதம்கூட முடியவில்லையே, மெஸ்யே கப்ரியேல். என்ன காரணம்?"

"எழுத்து அழகாக வர வேண்டுமே மதாம்," என்றேன்.